கதவிடுக்கில் ஒட்டிய கணக்கு

அமெரிக்காவில் அரிசோனாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே கொலராடோ ஆற்றை மறித்து நிற்கிறது டேவிஸ் அணை. அங்கிருந்து கிழக்கே மலையேறும் நெடுஞ்சாலை வெயிலுக்குப் பேர்போனது. பிக்கப் டிரக் தயாரிக்கும் நிறுவனங்கள் தேடிப் போவதும் அந்த வெயிலைத்தான். வெளியே குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் கொதிக்க வேண்டும். உள்ளே ஏசி முழு வீச்சில் ஓட வேண்டும். பின்னால் ஒரு டிரெய்லர், அதில் விளம்பரத்தில் அச்சிடப் போகும் அளவு பாரம். அப்படியே 11.4 மைல் ஓடி, ஏறக்குறைய 3,000 அடி ஏற வேண்டும். வழியில் எங்கேயும் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் போட்ட கனரக டிரக்குகளுக்கு மட்டும் 35 மைல்.

எஸ்ஏஇ ஜே2807 என்ற தர விதியின் ஒரு பகுதி இது. அதற்கு முன்பு இழுவைத் திறன் என்பது ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துத் தானே அறிவித்துக்கொண்ட எண். போட்டி நிறுவனம் கூட்டினால் இவர்களும் கூட்டுவார்கள். 2011 மாடல்களுக்கு டொயோட்டா முதலில் இந்த விதியை ஏற்றது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம் எல்லாம் வழிக்கு வர 2015 மாடல்கள் வரை ஆயிற்று.

ஆக, இன்று விளம்பரத்தில் வரும் எண் பொய் இல்லை. 2021 ஃபோர்டு எஃப்-150 அதிகபட்சம் 14,000 பவுண்ட், அதாவது 6,350 கிலோ இழுக்கும் என்றார்கள். குறிப்பிட்ட எஞ்சினும் குறிப்பிட்ட இழுவை வசதிகளும் பொருத்திய வண்டி இழுக்கத்தான் செய்யும். வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. சோதனை வண்டிக்குள் கணக்கில் எடுத்துக்கொள்வது ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர், ஆளுக்கு 150 பவுண்ட், சுமார் 68 கிலோ. பின் இருக்கையில் வளர்ந்த பிள்ளைகள் இல்லை, நாய் இல்லை, பின்பெட்டியில் சைக்கிள் இல்லை. விடுமுறைக்கு இப்படிக் கிளம்பும் குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது?

அப்படிக் கிளம்பும் குடும்பம் இழுத்துப் போகும் டிராவல் டிரெய்லர் என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு கூடிய சக்கர வீடு. நம் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன்கள் பெரும்பாலும் தாமே ஓடுகிறவை. இதற்கு எஞ்சின் கிடையாது. டிரக்கின் பின்னால் உள்ள ஹிட்ச்சில் மாட்டி இழுக்க வேண்டும். 1930களில் வாலி பையம் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீமின் வெள்ளி நிற வண்டிகள் ஒஹையோவின் ஜாக்சன் சென்டரில் தயாராகின்றன. இந்தத் தொழிலின் தலைநகரம் என்று சொல்லிக்கொள்வது இண்டியானாவின் எல்க்ஹார்ட்.

மாட்டி இழுப்பதில்தான் சூட்சுமம். டிரெய்லரின் எடை முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்கிவிடுவதில்லை. நூற்றில் 10 முதல் 15 பங்கு ஹிட்ச் வழியாக டிரக்கின் முதுகில் இறங்கும். இறங்கியாக வேண்டும். மாட்டுவண்டி ஓட்டியவர்கள் அறிந்த முன்பாரம், பின்பாரக் கணக்குதான்: பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். இங்கே தூக்குவதோடு நிற்காது, ஆட்டமும் காணும். ஓடும் பட்டைமேல் பொம்மைக் காரையும் டிரெய்லரையும் வைத்து இதைக் காட்டுவார்கள். எடைக்கட்டியை டிரெய்லரின் வால் பக்கம் வைத்து விரலால் லேசாகத் தட்டினால், டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அகலம் கூடி, கடைசியில் காரையே திருப்பிப் போட்டுவிடும். அதே கட்டியை முன்னே நகர்த்தித் தட்டினால் இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். நெடுஞ்சாலையில் அந்த விரலின் வேலையைச் செய்வது பக்கத்தில் கடந்து போகும் பெரிய லாரியின் காற்று.

டிரக்கின் முதுகு எவ்வளவு தாங்கும்? அது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராது. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் காற்றழுத்தத்துக்கு மேலே, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி. பேலோட் எனப்படும் அந்த எண்தான் உண்மையான எஜமானன். ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் வண்டிக்கு வண்டி இது மாறும். கண்ணாடிக் கூரையும் மின்சார இருக்கைகளும் கூடக் கூட எண் இறங்கும். சொகுசுக்குக் கொடுத்த பணம் சுமைதிறனைத் தின்றுவிடுகிறது.

விளம்பரத்தில் 11,000 பவுண்ட் இழுவைத் திறன் சொல்லும் ஒரு டிரக்கை எடுத்துக்கொள்ளலாம். ஸ்டிக்கரில் 1,500 என்று இருக்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பதின்வயதுப் பிள்ளைகள்: 600. பின்பெட்டியில் சைக்கிள், மடக்கு நாற்காலி, கருவிப் பெட்டி: 200. எடையைப் பகிரும் ஹிட்ச்சே 100. மிச்சம் 600 பவுண்ட். டிரெய்லர் எடையில் 12 சதவீதம் முதுகில் இறங்கும் என்றால், இந்தக் குடும்பம் மாட்டக்கூடிய டிரெய்லர் 5,000 பவுண்ட். பதினோராயிரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஏர்ஸ்ட்ரீமின் 25 அடி பிளையிங் கிளவுட் வண்டியை முழுதாக நிரப்பினால் 7,300 பவுண்ட் வரை போகலாம். அதே 12 சதவீதத்தில் 876 பவுண்ட் ஹிட்ச்சில் உட்காரும். இவர்கள் டிரக்கில் அதற்கு இடமில்லை.

எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால் சரியாகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். அதன் கம்பிகள் பாரத்தில் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும் டிரெய்லர் ஆக்சிலுக்கும் தள்ளும். பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும் நிலை மாறும். பல டிரக்குகளுக்குக் குறிப்பிட்ட எடைக்கு மேல் அது கட்டாயமும்கூட. ஆனால் ஸ்டிக்கரின் எண்ணை அது ஒரு பவுண்டுகூடக் கூட்டித் தராது.

டிரெய்லர் பக்கமும் ஒரு கண்கட்டு உண்டு. விற்பனையாளர் முதலில் சொல்லும் எடை வெற்று வண்டியின் எடை. தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 பவுண்ட், 40 காலன் தொட்டி நிரம்பினால் 330க்கு மேல். முன்மூக்கில் உட்காரும் கேஸ் சிலிண்டர்களும் பேட்டரிகளும் நேராக ஹிட்ச்சைத்தான் அழுத்துகின்றன. பிறகு பாத்திரம், போர்வை, மளிகை. சாதாரணமாகவே ஆயிரம் பவுண்ட் ஏறிவிடும். அதனால் விவரமறிந்தவர்கள் வெற்று எடையைப் பார்க்காமல், டிரெய்லரின் அதிகபட்ச எடை வரம்பை வைத்தே பேரம் பேசுகிறார்கள். வின்சென்ட் மின்னெல்லி இயக்கி 1954இல் வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ படத்தின் நகைச்சுவையும் இதில்தான் நிற்கிறது. லூசில் பால் போகுமிடமெல்லாம் நினைவுக்குக் கல் பொறுக்குகிறார், மலை ஏறுமுன் தூக்கி எறியச் சொல்கிறார் கணவராக வரும் டெசி அர்னாஸ், லூசில் ஒளித்துவைக்கிறார். மேட்டில் கற்கள் உருள்கின்றன.

பெரிய டிரக் வாங்கினால் தீர்ந்தது என்பதும் முழு உண்மை அல்ல. முக்கால் டன் வகை டிரக்கில் கனமான டீசல் எஞ்சின் வைத்து, உள்ளே தோல் இருக்கைகளும் போட்டால், இழுவைத் திறன் எங்கேயோ போகும். கதவிடுக்கில் எண் சில சமயம் 2,000ஐ ஒட்டியே நிற்கும். வண்டியின் மொத்த எடை வரம்பு பல மாடல்களில் 10,000 பவுண்டில் நிறுத்தப்பட்டிருப்பதால், எஞ்சினின் கனம் அந்தக் கணக்குக்குள்ளேயே கழிகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க நெடுஞ்சாலையோர டிரக் நிறுத்தங்களுக்குப் போகலாம். அயோவாவின் வால்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 1977 முதல் இயங்கும் கேட் ஸ்கேல் எடைமேடைகள் நாடெங்கும் உள்ளன. டிரக்கின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில் மூன்றும் தனித்தனித் தட்டில் நிற்கும். சீட்டில் மூன்று எண்ணும் தனித்தனியே வரும். ஹிட்ச்சின் கம்பிகளைக் கழற்றி ஒரு முறை, டிரெய்லரை விட்டுவிட்டு டிரக்கை மட்டும் ஒரு முறை நிறுத்தினால், டிரக் எடையில் வரும் வித்தியாசம்தான் முதுகில் இறங்கிய பாரம்.

அது அதிகம் என்று தெரிந்தால் பலரும் முதலில் கைவைப்பது தண்ணீர்த் தொட்டியின் வடிகுழாயில். தொட்டி டிரெய்லர் ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் ஹிட்ச்சின் பாரம் இறங்கும். பின்னால் இருந்தால் தண்ணீர் வடிய வடிய முன்பாரம் ஏறும். ஆகவே குழாயைத் திறக்கும் முன் கீழே குனிந்து தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.