டீசல் பிக்கப் வண்டியும் புகை வடிகட்டியும்

விளைபொருள்களைச் சந்தைக்குக் கொண்டு செல்லக் கிராமத்தார் இன்று பெரும்பாலும் நம்பியிருப்பது டீசல் பிக்கப் வண்டியையேயாகும். பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்துக் காய்கறியும் நெல்லும், பழவேற்காட்டு மீனும் இறாலும், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் சில்லறைச் சரக்கும் இவ்வண்டிகளிலேயே ஏறி இறங்குகின்றன. 2020-ஆம் ஆண்டுக்குப் பின் வாங்கிய வண்டிகளைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரு குறை கூறுவதுண்டு. முகப்புப் பலகையில் ஒரு விளக்கு அடிக்கடி எரிகின்றது. நின்ற நிலையிலும் யந்திரம் வேகமாகச் சுழல்கின்றது. புகைக் குழாயிலிருந்து அனல் வீசுகின்றது. டீசலும் முன்னைவிடக் கூடுதலாகச் செலவாகின்றது என்பதே அக்குறை. வண்டி பழுதாகிவிட்டதென்று அஞ்சுவோர் சிலர். ஒன்றுமில்லையென்று விளக்கை மறந்துவிடுவோர் பலர். இரண்டும் சரியன்று. அவ்விளக்கு கூறுவது யாது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

டீசல் யந்திரத்தில் எண்ணெயைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்தி, அதனால் உண்டாகும் உஷ்ணத்தில் எண்ணெயைப் பீச்சி எரிய வைக்கிறார்கள். பீச்சப்படும் துளியின் வெளிப்புறம் நன்றாக எரியும். உட்புறத்துக்குப் போதிய பிராணவாயு கிட்டாமையால் அது அரைகுறையாக எரிந்து கரியாகும். ஈர விறகு புகைவது போன்றதே இதுவும். நாம் கண்ணாற் காணும் கரும்புகை இக்கரியின் ஒரு பகுதிதான். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே அதிகத் தீங்கு செய்வன; அவை நுரையீரலின் அடிவரை சென்று தங்குகின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை லாரிச் சாலையோரத்தில் வீடுகொண்டு வாழும் மக்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. அன்றாடம் சுவாசிக்கும் காற்று.

இதன் பொருட்டே நமது நாட்டில் புகை அளவுக்கு விதிகள் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்தூளை வெளிவிடலாம்; புதிய விதி அதனை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. எடையை மட்டுமன்றித் துகள்களின் எண்ணிக்கையையும் அளந்து, கிலோமீட்டருக்கு 60,000 கோடிக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. இத்தனை கோடியா என்று வாசகர் திகைக்கலாம். துகள்கள் அவ்வளவு சிறியவை. யந்திரத்தை எவ்வளவு திருத்தினாலும் இவ்வெல்லைக்குள் வருவது அரிதாகையால், புகைக் குழாயிலேயே ஒரு வடிகட்டியை அமைக்க நேர்ந்தது. மெக்கானிக்குகள் டி.பி.எப். என்று அழைப்பது இதனையே.

வடிகட்டிக்கு முன்னதாக டீசலைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் கூறவேண்டும். டீசலிலுள்ள கந்தகம் வடிகட்டியின் முன்னுள்ள கிரியா ஊக்கியைக் கெடுத்துவிடும். 2000-ஆம் ஆண்டு விதிப்படி பத்து லட்சம் பங்கு டீசலில் 2,500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். இன்றைய டீசலில் 10 பங்குக்கு மேல் கூடாது. 1960-களில் சென்னைச் சுத்திகரிப்பு ஆலையாகத் தொடங்கி, இன்று சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பொரேஷன் எனப்படும் மணலி ஆலை போன்றவற்றில், ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரித்தெடுத்த பின்னரே டீசல் வெளிவருகின்றது. மலிவாகக் கிடைக்கிறதென்று கலப்பட எண்ணெயை ஊற்றுவோர், இந்த உழைப்பு முழுவதையும் பாழாக்கித் தம் வண்டியையும் கெடுத்துக் கொள்கின்றனர்.

வடிகட்டி பீங்கானையொத்த பொருளால் ஆனது. தேனடை போன்று நூற்றுக்கணக்கான நீண்ட துவாரங்கள் உடையது. ஒரு துவாரத்தின் முன்வாய் திறந்து பின்வாய் அடைபட்டிருக்கும். அடுத்ததற்கு முன்வாய் அடைபட்டுப் பின்வாய் திறந்திருக்கும். ஆகவே உட்புகுந்த புகை, இடைச் சுவரிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஊடுருவித்தான் வெளிச்செல்ல முடியும். வாயு போய்விடும், கரி தங்கிவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேற்பட்ட கரி இங்ஙனம் பிடிபடுகின்றது.

பிடிபட்ட கரியை என் செய்வது? வண்டி ஓடும்போதே அதனை எரித்துவிட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பாரத்துடன் நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகையின் உஷ்ணம் 300 டிகிரி சென்டிகிரேடையும் கடக்கும். அவ்வமயம் கிரியா ஊக்கி உண்டாக்கும் நைட்ரஜன் டையாக்ஸைடு என்னும் வாயு, கரியைச் சிறுகச் சிறுகத் தானே எரித்துவிடும். டிரைவர் இதனை உணரவும் மாட்டார். அவ்விதம் எரியாது கரி சேர்ந்துவிட்டால் இரண்டாம் வழி. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டை ஒரு கருவி அளந்து, அடைப்பு மிகுந்துவிட்டதென்று வண்டியின் கணினிக்கு அறிவிக்கும். கணினி, வழக்கமான நேரம் கடந்து சற்று டீசலைக் கூடுதலாகப் பீச்சச் செய்யும். அந்த டீசல் கிரியா ஊக்கியில் எரிந்து, வடிகட்டியின் உஷ்ணத்தை 600 டிகிரி அளவுக்கு உயர்த்தும். கரி எரிந்துபோகும். பதினைந்து இருபது நிமிஷத்தில் வேலை முடியும். ரீஜெனரேஷன் என்று பட்டறைகளிற் கூறப்படுவது இதுவே. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இது நிகழ்தல் இயல்பு. அதனை நோயென்று கருதற்க.

அடிக்கடி நிகழ்வதே நோய். அதற்கு வட சென்னைத் துறைமுகப் பகுதியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்ற தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. லாரி செய்யும் ஊரே லாரி நெரிசலுக்கும் பெயர் பெற்றது விந்தைதான். சென்னைத் துறைமுகத்தின் வாயிலை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்பது பல ஆண்டுகளாகக் கண்ட காட்சி. அவற்றிடையே அகப்பட்ட பிக்கப் வண்டி நடக்கும் வேகத்திலேயே நகர்கின்றது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் முடியும் வரை வண்டிகள் காத்திருக்கும். யந்திரத்தை நிறுத்தாமலே காத்திருப்பவையும் உண்டு. பின்னர் இராயபுரத்துக்கும் தண்டையார்ப்பேட்டைக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் ஓடி, நின்று, இறக்கி, மீண்டும் ஓடுவதே அவற்றின் அன்றாட வேலை.

இத்தகைய ஓட்டத்தில் புகையின் உஷ்ணம் 150 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். முதல் வழி நடைபெறாது. கரி விரைவில் சேரும். கணினி இரண்டாம் வழியைத் தொடங்கும். ஐந்து நிமிஷத்தில் டிரைவர் சாவியைத் திருப்பி யந்திரத்தை நிறுத்திவிடுவார். பாதி எரிந்த நிலையில் வேலை நின்றுபோகும். அடுத்த ஓட்டத்தில் கணினி மறுபடி தொடங்கும், மறுபடி தடைப்படும். டீசல் வீணாவது இவ்விதமே. முடிவில் விளக்கு எரியும். பல வண்டிகளில் இவ்விளக்கு, "எம் வேலையை முடிக்க விடுங்கள்" என்று வண்டி விடுக்கும் வேண்டுகோளே அன்றி வேறன்று. அப்போது வெறிச்சோடிய சாலையில் இருபது நிமிஷம் சீராக ஓட்டினால் போதும். மீஞ்சூர்ப் பக்கத்தார்க்கு இதற்கு வசதி இருக்கிறது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் ஒரு கியர் குறைவாக வைத்து, 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது எளிது. வேலை நடக்கும்போது வண்டி நின்றாலும், கூடியவரை யந்திரத்தை அணைக்கலாகாது. விளக்கின் வடிவமும் செய்ய வேண்டியதும் வண்டிக்கு வண்டி மாறுபடும். வண்டியுடன் தந்த கையேட்டில் அது விளக்கப்பட்டிருக்கும். கையேடு பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே இருப்பதையும் நாம் அறிவோம்!

தடைப்பட்ட முயற்சிகளால் மற்றொரு கேடும் உண்டு. இதனை நன்கு கவனிக்க வேண்டும். கூடுதலாகப் பீச்சப்பட்ட டீசலில் ஒரு பகுதி, சிலிண்டரின் சுவரில் படிந்து, கீழிறங்கி, இஞ்சின் ஆயிலுடன் கலந்துவிடும். ஆயில் நீர்த்துப்போகும், உராயும் பாகங்களைக் காக்கும் ஆற்றலை இழக்கும். அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பவர், ஆயில் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று மகிழ்வர். மகிழ்வதற்கு உரியதன்று அது. மேற்கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்தால், தாமதமின்றி மாற்ற வேண்டும்.

சாலை நன்றாயிருந்தும், தூரம் மிகுதியாக ஓடியும் விளக்கு அடிக்கடி எரியுமாயின் குறை யந்திரத்தில் இருக்கின்றது. அடைபட்ட காற்று வடிகட்டி, டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கீறல், ஒழுகும் இன்ஜெக்டர், கரி படிந்து திறந்தவாறே சிக்கிக்கொண்ட ஈ.ஜி.ஆர். வால்வு ஆகிய ஒவ்வொன்றும் கரியை மிகுவிக்கும். தெர்மோஸ்டாட் கெட்டு யந்திரம் சூடேறாதிருந்தாலும், டீசல் தொட்டி வற்றும் நிலையில் இருந்தாலும், கணினி எரிக்கும் வேலையைத் தொடங்காது. அழுத்தத்தை அளக்கும் கருவியின் சிறு குழாய் விரிந்தோ அடைத்தோ போனால் கணினிக்குப் பொய்க் கணக்கே கிட்டும். சிறு குழாய் ஒன்றை மாற்றினால் தீரும் தொல்லைக்கு, வடிகட்டியையே மாற்றச் சொல்லிப் பதினாயிரக்கணக்கில் செலவு வைக்கும் பட்டறைகளும் இல்லாமலில்லை. முதலில் கணினியில் பதிந்துள்ள குறிகளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

கரி வேறு, சாம்பல் வேறு. அடுப்புக் கரியை மறுபடி எரிக்கலாம்; சாம்பலை எரிக்க எவராலும் ஆகாது. வடிகட்டியில் சேரும் சாம்பல் பெரும்பாலும் இஞ்சின் ஆயிலிலுள்ள உலோகச் சேர்க்கைகளிலிருந்து வருவது. லட்சத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் ஓடிய பின், வடிகட்டியைக் கழற்றி அதற்கென்றுள்ள யந்திரத்தால் சாம்பலை நீக்கவேண்டி வரும். டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் வாங்கிய ஆயில் மிஞ்சியிருக்கிறதென்று பிக்கப் வண்டியில் ஊற்றுவோர், அந்நாளைத் தாமே விரைவில் அழைத்துக் கொள்கின்றனர். சாம்பல் குறைந்த ஆயில் தனியே விற்கப்படுகின்றது. கையேட்டிற் கண்ட ரகத்தையே வாங்க வேண்டும். இன்னொன்று: சில வண்டிகளில் யூரியாக் கரைசலுக்கென்று தனித் தொட்டி இருக்கும். அது வேறொரு சாதனத்துக்கு உரியது. வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்து அதில் ஊற்றினால் அச்சாதனம் முழுவதும் பாழாகும்.

தொல்லை பொறுக்காது, வடிகட்டியின் உட்பகுதியை உடைத்தெறிந்துவிட்டுக் கணினியையும் ஏமாற்றித் தருகிறோம் என்பார் சிலர். இது சட்ட விரோதம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தை ஒதுக்கிப் பார்த்தாலும், அந்த வண்டி விடும் கரியை முதலில் சுவாசிப்பவர் அதன் பின்னே மூட்டையேற்றும் தொழிலாளியே.

இச்சாதனம் இந்தியாவுக்கென்று வந்த சோதனையன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 1985-ல் விற்கப்பட்ட மெர்சிடிஸ் டீசல் கார்களில் இவ்வகை வடிகட்டி வைத்தனர், அது நிலைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ கம்பெனி, எரிப்பதற்கு உதவும் மருந்தொன்றை டீசலில் கலந்து இதனை வெற்றிகரமாக நடத்திக் காட்டியது. அங்கும் நகருக்குள்ளேயே ஓடிய கார்கள் அடைத்துக்கொண்டுதான் நின்றன.

கிராமத்தார் மிக எச்சரிக்கையாக இருக்கவேண்டிய விஷயம் தீ. எரிக்கும் வேலை நடைபெறும்போது வடிகட்டியும் புகைக் குழாயும் மிகக் கடுமையாகச் சூடேறியிருக்கும். அந்நிலையில் வைக்கோற்போர் அருகிலோ, காய்ந்த புல்லின் மீதோ, களத்துமேட்டிலோ வண்டியை நிறுத்தினால் தீப்பற்றலாம். கேழ்வரகுக் கதிரையும் உளுந்துச் செடியையும் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை அவற்றின்மேல் ஓடவிடும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் உள்ளது. தாள்கள் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு குழாயைத் தொட்டால் விளைவு சொல்ல வேண்டுவதில்லை. களங்களை அமைத்துத் தருவதும், சாலையில் கதிர் உலர்த்துவதைத் தடுப்பதும் பஞ்சாயத்துகள் செய்யக்கூடிய காரியங்கள்.

வண்டி வாங்கும்போதே ஓட்டத்தை எண்ணிப் பார்ப்பது நலம். நாள்தோறும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் பாரத்துடன் போகும் விவசாயிக்கு டீசல் வண்டி பொருத்தமே. வடிகட்டி அவருக்குத் தொல்லை தராது. ஊருக்குள்ளேயே தெருத் தெருவாக நின்று குப்பை அள்ளவோ, இரண்டு கிலோமீட்டரில் உள்ள கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொண்டு போகவோ டீசல் வண்டி வாங்குவது தவறு என்பது எமது அபிப்பிராயம். அவ்வேலைகளுக்குப் பெட்ரோல், இயற்கை வாயு, மின்கலம் ஆகியவற்றால் ஓடும் சிறு வண்டிகள் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்குவோர், விலை பேசுமுன் அளவுக் கம்பியில் ஆயில் மட்டத்தையும், புகைக் குழாயின் வாயையும் பார்க்க வேண்டும். வடிகட்டி ஒழுங்காயுள்ள வண்டியின் குழாய் வாயில் விரலை வைத்துத் துடைத்தால் கரி ஒட்டாது. ஒட்டினால், வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே இல்லவேயில்லை.