வரி உடைத்தவரும் கோடு இழுத்தவரும்

அந்தமானில் எங்கள் புரோத்ராபூர் கடைத்தெருவில் ஐந்து நிமிடம் நின்றால் நான்கைந்து மொழி எழுத்துகள் கண்ணில் பட்டுவிடும். பூஜை சமயத்தில் ஒட்டி மழையில் பாதி கரைந்த வங்காளச் சுவரொட்டி, மளிகைக் கடைக்குள் தொங்கும் மலையாள நாட்காட்டி, தெலுங்குக் கல்யாண பேனர், எல்லாவற்றுக்கும் மேலே இந்திப் பலகை. தமிழையும் இந்தியையும் விட்டால் எனக்கு வேறெதுவும் வாசிக்க வராது. வாசிக்க வராததைப் பார்க்கலாம் அல்லவா? வங்காளம் கொடிக்கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரி மேல்கோட்டிலிருந்து தொங்குகிறது. மலையாளம் கோலிக்குண்டு மாதிரி உருள்கிறது. பக்கத்தில் நிற்கும் தமிழ் மட்டும் எனக்குப் படமாகத் தெரிவதில்லை. கண் போய்த் தொடுவதற்குள் மனசு அதை வாசித்து முடித்துவிடுகிறது.

இந்த அனுபவத்தையே ஓவியமாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தார். 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் சோழமண்டல ஓவியர் கிராமம் எழும்ப முன்னின்றவர். கிராமத்துக்கான பணத்தில் பெரும்பங்கு ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றதில் வந்தது. பணிக்கர் 1963-லிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரையத் தொடங்கினார். கித்தான் முழுக்க ஜாதக நோட்டைப் போலக் கட்டங்கள், எண்கள், பொடி எழுத்துகள். பார்த்தால் மலையாளம் போல இருக்கும். ஆனால் மலையாளிகளாலும் வாசிக்க முடியாது. வாசிக்கலாமென்று கிட்டப் போனால் ஓவியமாகிவிடும். ஓவியம்தானே என்று தள்ளி நின்றால், ஏதோ எழுதியிருக்கிறதே என்று இழுக்கும்.

ஓவியர் எழுத்துக்குள் புகுந்த அதே ஆண்டுகளில், அதே சென்னையில், கவிஞர்கள் கண்ணை நம்பத் தொடங்கியிருந்தார்கள். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழ் 1959 ஜனவரியில் வந்தது. யாப்பை விட்ட புதுக்கவிதைக்கு அன்று கிடைத்த வசவு, ‘உரைநடையை ஒடித்துப் போட்டது’ என்பது. அந்த வசவில் ஓர் உண்மை இருக்கிறது. ஓலைச்சுவடியில் செய்யுளை வரி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. ஓலை முடியும்வரை ஓடும். எங்கே அடி முடிகிறது என்பதைக் காது சொல்லும். எதுகையும் சீரும் அதற்குத்தான் இருந்தன. வெண்பாவை நான்கு வரியாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் அச்சு கொடுத்தது. யாப்பைக் கழற்றிய பிறகு வரி எங்கே ஒடிகிறது என்று சொல்ல கவிஞனிடம் மிச்சமிருந்தது தாளின் வெள்ளை மட்டுமே. புதுக்கவிதை பிறந்த கணத்திலேயே பாதி ஓவியமாகிவிட்டது என்பேன்.

‘எழுத்துகளைப் படத்துக்குள் அடுக்கும் சித்திரகவி நம்மிடம் இருக்கிறதே’ என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. நாகபந்தம், சுழிகுளம் என்று தண்டியலங்காரம் இலக்கணமே சொல்கிறது. பிரான்சில் அப்போலினேர் சொற்களை மழைத்தாரையாகவும் நீரூற்றாகவும் அச்சிட்ட ‘கலிகிராம்’ நூல் 1918-ல் வந்தபோது, நம் பாம்புப் படத்துக்கு வயது பல நூறு. ஆனாலும் எனக்கு அதில் பெரிய ஈர்ப்பில்லை. பாம்பின் உடம்பில் எழுத்து சரியாக விழுந்ததா என்று எண்ணிப் பார்ப்பதில் போய்விடுகிறது பொழுது. நம் புதுக்கவிஞர்களும் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் போனது ஓவியர்களிடம்.

ஏன் போனார்கள்? கொள்கைப் பொருத்தம் என்று ஆய்வேடுகள் சொல்லும். எனக்குத் தோன்றுவது வேறு: இரண்டு பேருக்கும் ஆள் இல்லை. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்து விற்றவர் செல்லப்பா. நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கத் தமிழ் வீடுகள் அன்று தயாராக இல்லை. வாசகர் இல்லாத கவிதையும் சுவர் இல்லாத ஓவியமும் சந்தித்துக்கொண்ட இடம்தான் சிறுபத்திரிகை. கவிஞர் சி. மணி சேலத்திலிருந்து 1968-ல் தொடங்கிய ‘நடை’, 1970-ல் சென்னையில் கிளம்பிய ‘கசடதபற’ எல்லாம் ஒல்லியான இதழ்கள்.

அந்த ஒல்லியே பாணியையும் தீர்மானித்தது. அன்று படம் அச்சிட பிளாக் செய்ய வேண்டும். நிழலும் சாயலும் உள்ள படமென்றால் புள்ளி பிளாக். மட்டமான தாளில் அது மசியைக் குடித்துக் கறுத்துப்போகும். வண்ணமென்றால் நிறத்துக்கு ஒரு பிளாக், ஒவ்வொன்றுக்கும் தாள் ஒருமுறை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். சிறுபத்திரிகைக்காரருக்குக் கட்டுபடியானது துத்தநாகத் தகட்டில் அரித்த கோட்டு பிளாக். எந்தத் தாளிலும் கடித்துப் பிடிக்கும். தமிழ் நவீனக் கவிதைக்குத் துணையாகக் கோட்டோவியம் வந்து நின்றதில் அழகியலுக்கு எவ்வளவு பங்கோ, கைக்காசுக்கும் அவ்வளவு பங்கு.

அந்தக் கோட்டுக்கென்றே பிறந்தவர் மாதிரி வந்தார் கே.எம். ஆதிமூலம். திருச்சிப் பக்கத்துக்காரர், பிறந்தது 1938. மாயவரத்துப் பக்கம் திருஇந்தளூரில் ரங்கநாதன் என்ற பெயரில் அதே 1938-ல் பிறந்தவர் ஞானக்கூத்தன். ஒருவர் நெசவாளர் சேவை மையத்தில் துணிக்கு வடிவம் வரைந்து சம்பளம் வாங்கினார். மற்றவர் பொதுப்பணித் துறையில். 1973-ல் ஞானக்கூத்தனின் முதல் தொகுப்பு ‘அன்று வேறு கிழமை’ ஆதிமூலத்தின் ஓவியங்களோடு வந்தது.

ஜோடிப் பொருத்தத்தை இப்படிப் பார்க்கலாம். மேடையில் முழங்கும் பழம்பெருமையை, முகத்தில் சிரிப்பே காட்டாமல் கேலி செய்தவர் ஞானக்கூத்தன். ஆதிமூலம் அந்தக் காலத்தில் ராஜாக்களை வரைந்துகொண்டிருந்தார். உடைவாள், மீசை, தலைப்பாகை எல்லாம் இருக்கும். உள்ளே ஆள் உளுத்திருப்பான். கறுப்பு மசியில் மொய்க்கும் கோடுகளே கறையான் அரித்த மாதிரி இருக்கும். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார், வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. இருவர் மூக்கிலும் ஒரே புழுக்க வாடை ஏறியிருந்தது.

வாரப் பத்திரிகைகளில் கோபுலு அற்புதமாக வரைந்துகொண்டிருந்தார். அங்கே கதையில் அத்தை கோபித்தால் படத்திலும் கோபிப்பாள். சிறுபத்திரிகை ஓவியம் அந்த ஊழியத்தை ஏற்கவில்லை. கவிதையில் உள்ளதை வரையாமல் பக்கத்தில் வேறொன்றாக நின்றது. ‘இந்தப் படத்துக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று வாசகர் கேட்டால், அந்தக் கேள்விக்காகத்தான் அது அங்கே இருந்தது.

கவிதைக்கும் ஓவியத்துக்குமான இந்தப் போக்குவரத்து நட்பில்தான் நடக்கும் என்பதற்கு நியூயார்க்கிலும் சாட்சி உண்டு. மருத்துவரான கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் ஓவியர் மார்ஸ்டன் ஹார்ட்லியின் ஓவியக்கூடத்துக்கு நடந்துபோகிறார். தெருமுனையில் மணியடித்துக்கொண்டு பாய்கிறது ஒரு தீயணைப்பு வண்டி, சிவப்பு உடம்பில் பொன்னிற 5. அங்கேயே எழுதிய குட்டிக் கவிதை 1921-ல் நூலில் வந்தது. 1928-ல் அவருடைய இன்னொரு ஓவிய நண்பர் சார்லஸ் டெமுத் அந்த 5-ஐ ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அளவில் வரைந்தார். வண்டி அதில் சிவப்புத் துண்டுகளாகத்தான் இருக்கிறது. மேலே நண்பரின் செல்லப் பெயரையும் ஒளித்து வைத்தார்.

எதிர்வீட்டு வங்காளி தாதாவிடம் இதைச் சொன்னபோது, ‘உங்களுக்கு ரெண்டு ஆள் தேவைப்பட்டது, எங்களுக்கு ஒரே ஆள்’ என்றார் இந்தியில். உள்ளே போய், தாகூரின் கையெழுத்துப் பக்கங்கள் அச்சான ஒரு பழைய புத்தகத்தோடு வந்தார். 1924-ல் அர்ஜென்டினாவில் உடம்பு சரியில்லாமல் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தாளியாகத் தங்கியபோது ‘பூரபி’ கவிதைகளை எழுதிய நோட்டில், அடித்த சொற்கள் சும்மா கிடக்கவில்லை. ஒரு அடித்தலை இன்னொரு அடித்தலோடு கோடு இணைக்கிறது. இணைந்த இடம் தடிக்கிறது. தடித்த இடத்தில் அலகு முளைக்கிறது. வரிகளுக்கு நடுவே பறவையா விலங்கா என்று தெரியாத ஒன்று படுத்திருக்கிறது. அறுபது தாண்டிய பிறகு ஓவியரானவர், 1930 மே மாதம் பாரிஸில் கண்காட்சி வைத்தார். கடைசியில் இரண்டாயிரத்துக்கு மேல் வரைந்துவிட்டார்.

எனக்கு அந்தப் பக்கத்தில் மிஞ்சிய சொற்களும் அடித்த சொற்களும் ஒன்றுதான், இரண்டுமே படம். தாதாவின் கண்ணோ ஒவ்வொரு வரியிலும் தடுக்கி நின்று வாசித்தது. யாருடைய பார்வை மேல் என்று கேட்டேன். ‘டீ ஆறுது’ என்றார்.

பதிலுக்கு நான் காட்டியது ஒரு ஜெராக்ஸ் கட்டு. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி ஆதிமூலம் நூறு காந்திகளை வரைந்தார், அவற்றில் சில. சென்னையிலிருந்து கப்பலில் வந்த நண்பர் கொடுத்தது. இந்த ஊர் ஈரத்தில் புத்தகம் தாங்காது. பீரோவுக்குள் பல்பு எரியவிட்டும் பூஞ்சை பிடிக்கிறது. வண்ண அட்டைகளெல்லாம் எப்போதோ ஒட்டிப் பிய்ந்துபோயின. மட்டமான தாளில் எடுத்த நகலாக இருந்தும் இந்தக் கோடுகள் கிடக்கின்றன. ஒன்றில் முதுகு ஒரு வளைவு, தடி ஒரு இழுப்பு, காலடியில் தெறித்த மசி. தாதா கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளை முகத்தருகே கொண்டுபோனார். தடி முனையில் இருக்கும் பழுப்புப் புள்ளியைக் காட்டி, ‘இது அவர் வைத்ததா, அந்தமான் வைத்ததா?’ என்றார்.