கடை வாயிலும் வீதி நிழலும்

கலேவெலயிலிருந்து கொழும்புக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர்கள், கோட்டை யோர்க் வீதியில் சற்று நின்று நோக்குதல் நன்று. அங்கே செந்நிறமும் வெண்மையுமாய் விளங்குவதே 'கார்கில்ஸ்' மாளிகை. 1844 இல் தொடங்கப்பெற்ற அவ்வணிக நிறுவனத்துக்காக, எட்வர்ட் ஸ்கின்னர் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி, 1906 இல் அது நிறைவுற்றது.

அதன் தனிச்சிறப்பு, வீதியோரம் நீண்டு செல்லும் வளைவுத் தாழ்வாரமே. பொருள் வாங்க வருவோர்க்கும் வெறும் வழிப்போக்கர்க்கும் அது ஒருங்கே நிழல் தருகின்றது. நம்மவர் வீட்டுத் திண்ணையின் பண்பும் இதுவன்றோ?

இத்தகைய பழங்கடைகளின் வாயிலைப் புதுப்பிப்போர் கதவை அகலமாக்கலாம், சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை அமைக்கலாம், விளக்கொளியைக் கூட்டலாம். ஆயின், தாழ்வாரத்தைக் கண்ணாடியால் அடைத்துக் கடையோடு சேர்த்துவிட்டால், கையிற் காசில்லாதவன் வெயிலிலும் மழையிலும் நிற்க நேரிடும். பழமையைக் காப்பதென்பது அந்நிழலையும் காப்பதேயாம்.