பகைமாந்தன் மறைவும் கையறுநிலையும்

இறந்துபட்டோரை எண்ணி எஞ்சினோர் செயலற்றுப் புலம்புதலைக் கையறுநிலை என்னும் துறையாகத் தொல்காப்பியர் காஞ்சித் திணையில் வைத்தார். பிற்காலப் பாட்டியலார் இதனையே தனியொரு சிற்றிலக்கியமாகவும் எண்ணினர். புறநானூற்றில் இத்துறைப் பாடல்களைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். புலம்புவோர்க்கும் இறந்தோர்க்கும் இடையே முன்னரே ஓர் உறவு நிலைபெற்றிருத்தல் வேண்டும் என்பதே அது. பாரியை இழந்த கபிலர் அவன் நண்பர். அவனை இழந்து பாடிய மகளிர் அவன் பெற்ற மக்கள். அதியமானுக்கு அழுத ஔவையார் அவன் நாளோலக்கத்தில் உடனிருந்தவர். ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் மறைந்தபின், பூத்து நின்ற முல்லைக்கொடியை நோக்கி வினவிய குடவாயிற் கீரத்தனார் அவன் நாட்டின் வாழ்வை அறிந்தவர். நட்பு, குருதி, ஈகை என்னும் இவற்றுள் ஒன்றேனும் இன்றிக் கையறுநிலை பிறத்தல் அரிது.

இவற்றுள் ஒன்றும் இல்லாதார், அதிலும் நாள்தோறும் ஒருவனை வெறுத்து வந்தார், அவன் மறைந்தான் எனக் கேட்டுக் கண்ணீர் விட்டனர் எனின் அதனை எத்துறையுள் அடக்குவது? இவ்வினா கற்பனையன்று. 2023 செப்டம்பர் 8 ஆம் நாள் நடிகர் மாரிமுத்து சென்னையில் மாரடைப்பால் மறைந்தபோது தமிழகத்து இல்லந்தோறும் எழுந்ததாகும்.

மாரிமுத்து தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பகுதியில் உள்ள பசுமலைத்தேரி என்னும் ஊரினர். வைகை பிறக்கும் மலைப்புறம் அது. கம்பம் பள்ளத்தாக்கிற்கும் அதற்கும் இடையே மேகமலைத் தொடர் குறுக்கிடினும், பேச்சும் பழக்கமும் பெரிதும் ஒன்றே. திரைப்படம் இயக்கும் வேட்கையால் ஊரைவிட்டுச் சென்ற இவர் கவிஞர் வைரமுத்துவிடம் உதவியாளராகவும், பின்னர் இயக்குநர் பலரிடம் துணை இயக்குநராகவும் நெடுங்காலம் உழைத்தார். 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) ஆகிய இரு படங்களை இயக்கினார். 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் கதைத்தலைவியின் தந்தையாகத் தோன்றி, சாதிக் கட்டுக்கும் மகள்மேல் வைத்த அன்புக்கும் இடைப்பட்டு நாணும் ஒருவனை மிகைபடாது நடித்துக் காட்டினார். என் கருத்தில் அவருடைய நடிப்பில் தலையாயது அதுவே. ஆயினும் அவரை மக்கள் அறிந்தது அதனாலன்று.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' என்னும் நெடுந்தொடரில் ஆதி குணசேகரன் என்னும் மூத்த தமையனாக இவர் நடித்தார். தொடரை இயக்கியவர் திருச்செல்வம். இவர் முன்பு 'கோலங்கள்' தொடரை இயக்கி, அதில் தாமே தொல்காப்பியன் என்னும் பெயருடைய மாந்தனாக நடித்தவர் என்பது தமிழ்த்துறையினர் முறுவலோடு நினையத்தக்கது. குணசேகரன் பெயரளவில் நற்குணங்களை முடிமேற் சூடியவன். செயலில் வீட்டுக்கு வந்த மருமகளிரின் கல்வியையும் தொழிலையும் வாயையும் ஒருங்கே அடைத்து வைத்தவன். அவனை எதிர்த்து அப்பெண்டிர் நீந்துவதே கதை.

இத்தொடர் இப்பகுதியில் எவ்வாறு காணப்பட்டது என்பதைச் சிறிது விரித்தல் வேண்டும். கம்பத்துப் பெண்டிருட் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி மலைப்பாதை வழியே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயத் திரும்புவோர். ஏனையோர் திராட்சைத் தோட்டங்களிற் கூலி வேலை செய்வோர். சோறாக்கி, பிள்ளைகளை உண்பித்துப் பாத்திரம் கழுவி முடித்தபின் இவர்க்கென எஞ்சுவது இரவு ஒன்பதரை மணிக்கு வரும் அரைமணிப் பொழுதே. அப்பொழுதில் இவர்முன் தோன்றியவன் குணசேகரன். அவன் பேச்சு இவர்தம் வீட்டு ஆடவரின் பேச்சே. ஒலியும் இழுப்பும் இம்மண்ணுக்கு உரியவையே. வீட்டில் மறுமொழி சொல்ல இயலாத பெண், அவனை நோக்கி வாய்விட்டு வைதாள். வைததற்கு அடியும் இல்லை, பழியும் இல்லை.

மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர் காட்டும் செயிற்றியக் கருத்தின்படி, நடிப்போன் உணர்ந்தது காண்போரைச் சென்றடைதல் மெய்ப்பாடாகும். பகைமாந்தன் திறத்தில் இவ்விலக்கணம் முழுதும் பொருந்தவில்லை. குணசேகரன் வெகுண்டபோது காண்போர் அவனோடு வெகுளவில்லை, அவன்மேல் வெகுண்டனர். வெகுளிக்குத் தொல்காப்பியர் கூறும் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கனுள் அலை என்பதனோடு இதனைச் சார்த்தலாம். வைதலும் ஒருவகை அலைத்தலே. ஓராண்டுக்கும் மேலாக இரவுதோறும் இவ்வெகுளிக்கு இடமாயிருந்த உடம்பும் குரலும் ஒருநாட் காலையில் இல்லையாயின. வெகுளி நின்ற இடத்தில் அழுகை வந்தது. அழுகைக்குரிய இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றுள் இது இழவு. இழந்தது பகைப்பொருளையே எனினும் இழவேயாம். ஏனெனில் அப்பெண்டிர்க்குத் தம் சினத்தைச் செலுத்த வாய்த்த இடம் அஃதொன்றே.

அவர் இறந்த வகையும் இதனை மிகுவித்தது. டப்பிங் எனத் திரைத்துறையார் கூறும் குரற்பதிவில், குணசேகரனுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சில் நோவு தோன்ற, வெளியேறி மருத்துவமனை சென்றவர் மீளவில்லை. சின்னாட்களுக்கு முன் ஒளிபரப்பான காட்சியொன்றில் குணசேகரன் தன் நெஞ்சுவலியைப் பற்றிப் பேசியிருந்தான். அக்காட்சி மறைவுக்குப் பின் கைப்பேசிதோறும் பரவியது. பாக்கத்து விரிச்சி எனத் தொல்காப்பியர் வெட்சித் திணையிற் கூறுவதும், முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறத்து நின்று கேட்பதும் ஈண்டு நினைவுக்கு வரும். பிறர் வேறொன்று கருதிக் கூறிய சொல்லை நிமித்தமாகக் கொள்வதே விரிச்சி. உரையாடல் எழுதுவோர் கதைப்போக்குக் கருதி எழுதிய சொல், நடந்த பின்னர் விரிச்சியாகத் திரும்பக் கேட்கப்பட்டது. இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவார் ஒதுக்குக. வேடத்தையும் ஆளையும் மக்கள் ஓருயிராகக் கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பகைமாந்தனுக்கு அழுதல் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. கம்பர் இராவணன் வீழ்ந்தபின் மண்டோதரியைப் புலம்பச் செய்தார். வீடணனையும் புலம்பச் செய்தார். கேட்போர் அவ்விருவர் கண்ணீர் வாயிலாக இராவணனுக்கு இரங்க வழி பிறந்தது. வாயில் என்பதே இங்குக் கருதற்பாலது. கதைக்குள் ஒருவர் அழுதாலன்றிக் கதைக்கு வெளியே உள்ளார் பகைவனுக்கு அழக் கூசுவர். அமெரிக்க நாட்டில் 'டல்லாஸ்' என்னும் தொடரில் ஜே. ஆர். என்னும் கொடியோனாக நடித்த லாரி ஹாக்மன் 2012 நவம்பரில் இறந்தார். அக்காலை நிகழ்ந்துகொண்டிருந்த புதுத்தொடரில் அடுத்த ஆண்டே அம்மாந்தனையும் இறக்கச் செய்து, அடக்கச் சடங்கையும் காட்டினர். காண்போர் துயர்க்குக் கதைக்குள் ஓர் இடம் கிடைத்தது.

எதிர்நீச்சலில் அவ்வாறு நிகழவில்லை. குணசேகரன் சிலகாலம் வீட்டைவிட்டு மறைந்தானாகக் கதை சென்றது. அவ்வாண்டு முடியுமுன் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அவ்வேடத்தை ஏற்றார். தொடர் நடந்தாக வேண்டும், பலர் பிழைப்பு அதனைச் சார்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மருமகளிருள் ஒருத்தியும் அவனுக்கு அழ இயலாது போயிற்று. அழுதற்குக் கதையில் அவன் இறக்கவில்லை. காண்போர் துயரம் வாயிலின்றி நின்றது.

ஒப்பாரி பாடப் பழகிய இப்பகுதி முதுபெண்டிர்க்கும் இவ்விடர்ப்பாடு உண்டாயிற்று. ஒப்பாரிக்கு முறைப்பெயர் இன்றியமையாதது. அப்பன், அண்ணன், மாமன், கொழுந்தன் என விளித்தே அழுகை தொடங்கும். முறை தெரியாத பிணத்துக்குப் பாட்டு எழாது. இரவுதோறும் வீட்டுக்குள் வந்த இவனுக்கு யாது முறை? மாரிமுத்து என அழைத்தால் அவர் அயலார். குணசேகரன் என அழைத்தால் அவன் சாகவில்லை. எனவே அவர்கள் பாடவில்லை. 'நேத்து ராத்திரிகூடப் பேசுனானே' எனக் கூறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். கையறுநிலை என்னும் சொல்லின் நேர்ப்பொருள் இத்துணைச் செவ்விதாக விளங்கிய இடம் பிறிதொன்றை யான் அறியேன்.

இங்ஙனம் கூறுவதால், அன்று நிகழ்ந்த இரங்கலெல்லாம் ஒரு தன்மைத்து எனக் கொள்ளற்க. 'இந்தாம்மா' என்னும் குணசேகரனது விளி அவர் வாழ்ந்தபோதே நகைச்சொல்லாகப் பரவியிருந்தது. மறைந்தபின் அதனையே அஞ்சலிச் சொல்லாக எழுதினோர் பலர். இவருட் பெரும்பாலோர் ஆடவர் என்பது என் நோக்கு. பெண்ணை வாயடைக்கும் அவ்விளி, நடிப்பின் சுவையால் இனித்துப் போயிற்று. கணவன்மார் மனைவியரை அச்சொல்லால் அழைத்து நகைத்தனர். பெண்டிர் அழுதது தம் வெகுளிக்கு இடமானவனை இழந்தமையால். ஆடவருட் பலர் இரங்கியது தம் குரலை இனிதாக ஒலித்தவனை இழந்தமையால். ஒரே மறைவு, ஒரே கூடம்; இழவு மட்டும் இரண்டு. எம். என். நம்பியார் 2008 நவம்பரில் மறைந்தபோது இச்சிக்கல் எழவில்லை. சபரிமலைக்குப் பல்லாண்டு சென்ற குருசாமி என அவரை இவ்வழியோர் நன்கறிவர். வேடம் வேறு, ஆள் வேறு எனப் பிரித்து இரங்குதற்கு அவர் வாழ்க்கையே துணை செய்தது. மாரிமுத்துவிற்கு அத்தகைய மறுமுகம் மக்களிடையே பரவுதற்குக் காலம் போதவில்லை. 'ஜெயிலர்' படத்தில் அவர் தோன்றியது 2023 ஆகஸ்டில். மறைந்தது அதனை அடுத்த திங்களில்.

அவர் உடல் பசுமலைத்தேரிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே இறுதிச்சடங்கு நிகழ்ந்தது. ஊராருக்கு அவர் குணசேகரன் அல்லர். அவர்க்கு முறைப்பெயர் இருந்தது. தொடர் 2024 ஜூனில் முடிவுற்று, அவ்வாண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என மீண்டும் தொடங்கிற்று. வேல ராமமூர்த்தியே அதிலும் குணசேகரன். ஏலத்தோட்டத்து ஜீப்பில் அவரைப் பற்றிப் பேசும் பெண்டிர் 'புதுக் குணசேகரன்' என்றே இன்றும் குறிக்கின்றனர்.