கேட்வேயை எங்கே மாட்டுவது?

1999-இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் ஓர் எண்ணெய்க் குழாய்க்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். குழாயின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளோடு பேச அவர்களுக்கு இருந்தது செயற்கைக்கோள் இணைப்பு. அதுவோ விலை கூடியது. மையக் கணினி ஒவ்வொரு கருவியையும் முறைவைத்து விசாரித்தால், 'மாற்றமில்லை' என்ற பதிலுக்கும் காசு. எனவே முறையையே மாற்றினார்கள்: சொல்ல ஏதாவது இருந்தால் கருவியே சொல்லட்டும், அதன் இணைப்பு அறுந்தால் நடுவிலிருக்கும் சர்வர் மற்றவர்களுக்கு அறிவிக்கட்டும். எம்க்யூடிடி என்ற நெறிமுறை பிறந்தது இப்படித்தான்.

இன்றைய எட்ஜ் கேட்வேக்கள் பலவும் வெளியுலகோடு பேசுவது இதே எம்க்யூடிடியில். இயந்திரங்களின் பக்கமோ இன்னும் மோட்பஸ். அது மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட நெறிமுறை. இரண்டுக்கும் நடுவே உட்காரும் இந்தப் பெட்டியை எங்கே மாட்டுவது? விற்பனையாளர் என்ன சொன்னாலும், அதைத் தீர்மானிப்பது கேபிளும் தரவின் வேகமும்தான்.

மின்சார மீட்டர்களை எடுத்துக்கொள்வோம். ஆர்எஸ்-485 கேபிள் ஒன்றில் 32 கருவிகளை, சுமார் 1,200 மீட்டர் தூரம் வரை கோக்கலாம். 9,600 பாட் வேகத்தில் ஒரு மீட்டரிடம் 10 ரிஜிஸ்டர்களைக் கேட்டுப் பதில் வாங்க, கம்பியில் மட்டும் 40 மில்லிவிநாடி போய்விடும். மீட்டர் யோசிக்கும் நேரம் தனி. 30 மீட்டர்களைச் சுற்றிவரச் சில விநாடிகள் ஆகலாம். யூனிட் கணக்குப் பார்க்க அது தாராளம். கூடத்துக்கு ஒரு கேட்வே போதும்.

மோட்டாரின் அதிர்வு அப்படியல்ல. விநாடிக்கு 25,600 அளவீடுகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் ஒரே சென்சாரிலிருந்து நாளொன்றுக்கு 4.4 ஜிபி. இத்தனையையும் கிளவுடுக்கு அனுப்புவது பணத்தைக் கொட்டுவது. இங்கே கேட்வே இயந்திரத்தின் பேனலுக்குள்ளேயே, டின் ரெயிலில் ஏற வேண்டும். அலையை அங்கேயே அதிர்வெண்களாகப் பிரித்து, பேரிங் தேய்வைக் காட்டும் சில எண்களை மட்டும் வெளியே விட்டால் போதும். பேனலுக்குள் சூடும் தூசும் உண்டு. மின்விசிறி இல்லாத மாடலாக வாங்குவது நல்லது.

இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளான பிஎல்சிகள் எல்லாம் ஏற்கெனவே ஈதர்நெட்டில் இருந்தால், சர்வர் அறையில் ஒரே கணினியைக் கேட்வேயாக வைத்து முடித்துவிடலாம்.

எங்கே வைத்தாலும் பிஎல்சியின் வேலையைக் கேட்வேயிடம் கொடுக்கக் கூடாது. பழைய மோட்பஸில் கடவுச்சொல் கிடையாது. கம்பியைத் தொட்டவர் எவரும் மதிப்பை மாற்றி எழுதலாம். அதனால் கேட்வேக்குப் படிக்கும் வேலை மட்டும். ஆலை வலையும் அலுவலக வலையும் தனித்தனிப் போர்ட்டில்.

இணைய இணைப்பு போகும் நேரத்தையும் நினைக்க வேண்டும். அப்போது அளவீடுகளைக் கேட்வே தன்னிடமே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அளவீட்டோடும் அது எடுக்கப்பட்ட நேரம் இல்லையென்றால், இணைப்பு இல்லாத இரண்டு மணி நேரத்தின் நிலவரம் முழுவதும் இணைப்பு திரும்பிய அந்த ஒரு நிமிடத்தின் கணக்கில் விழும்.