ஒரே வாய், இரண்டு ரவை

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் ஹமென்ஹீல் கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த காலத்தில், பீரங்கியின் பருமனை அங்குலத்தில் சொல்லும் வழக்கம் இருக்கவில்லை. எத்தனை இறாத்தல் குண்டு அதற்குள் போகும் என்பதே அதன் பெயர். அந்தக் கணக்கு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகள் சிலவற்றில் ஒரு காலம் அனுமதிப்பத்திரத்தோடு இருந்த 12 போர் துவக்கின் 12 அதிலிருந்து வந்ததுதான். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை மட்டுமட்டாக இறங்கும் குழல் எதுவோ அது 12 போர். குறுக்களவு 18.5 மில்லிமீற்றர்.

தீவகத்துக்கு அதற்கு மேற்பட்ட துவக்கு தேவைப்படவும் இல்லை. நெடுந்தீவில் காட்டில் திரியும் பெரிய விலங்கு என்றால், ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட குதிரைகளின் வழிவந்தவைதான். அவற்றைச் சுட ஒருவரும் நினைத்ததில்லை. யானையும் கரடியும் கடலுக்கு அப்பால், வன்னிக் காட்டில். ஆனால் துவக்கைப் பற்றிக் கதைக்கும்போது எங்கள் ஆட்களிடமும் உலகத்து வேட்டைக்காரர்களிடமும் ஒரே பழக்கம்: வாயின் அகலத்தை வைத்து வலுவை மதிப்பது. இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைப் பார்க்க, வாய் ஒரே அளவான இரண்டு ரவைகளை எடுத்துக்கொள்வது நல்லது. அப்படி ஒரு சோடி தென்னாசியக் காடுகளில் உண்மையாகவே புழங்கியது.

ஒன்று .405 வின்செஸ்ரர். 1904இல் அமெரிக்காவில் வந்தது. 1910இல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த கென்னத் அண்டர்சன், ஓசூர், தர்மபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளின் பின்னால் அலைந்தபோது தோளில் இருந்தது இந்த ரவைக்கான 1895ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்ரர் துவக்கு. மற்றது .450/400. இலண்டனின் ஜெப்ரி நிறுவனம் 1902 அளவில் அதற்கு மூன்று அங்குலக் கோது கொடுத்துத் திருத்தி வெளியிட்டது. குமாவோன் மலைகளில் ஜிம் கோர்பெற் வைத்திருந்த இரட்டைக்குழல் துவக்கு இதற்கானது. இரண்டாவதன் பெயரில் இரண்டு எண் இருப்பதற்குக் காரணம், .450 அங்குல ரவையின் கோதை எடுத்துக் கழுத்தை .400க்கு ஒடுக்கியதுதான். 1907இல் பிரித்தானிய இந்திய அரசு, அந்த அளவு ரவைகள் கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில் .450 துவக்குகளைத் தடைசெய்தது. இது பெயரில் 450ஐச் சுமந்துகொண்டே தப்பிவிட்டது.

சன்னத்தை அளந்தால் இரண்டும் ஏறக்குறைய 10.4 மில்லிமீற்றர். ஒன்றுக்கொன்று தலைமுடி அளவு வித்தியாசம்கூட இல்லை. ஆனால் வின்செஸ்ரர் சன்னம் 19.4 கிராம், செக்கனுக்கு 670 மீற்றர் வேகம். ஜெப்ரியின் சன்னம் 25.9 கிராம், செக்கனுக்கு 650 மீற்றர் அளவு. வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையில்தான் மூன்றிலொரு பங்கு கூட. அகலம் ஒன்றாக இருக்கையில் எடை கூடினால் அது நீளத்தில்தான் வரவேண்டும்.

இந்த நீளம்தான் விடயம். சன்னத்தின் எடையை அதன் முகப்புப் பரப்பால் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் முகப்புக்கும் பின்னால் எத்தனை கிராம் நின்று தள்ளுகிறது என்பது தெரியும். வின்செஸ்ரரில் 22.7 கிராம், ஜெப்ரியில் 30.4 கிராம். தசையும் எலும்பும் தடுப்பது முகப்பை. தடுப்பை மீறித் தள்ளுவது பின்னால் இருக்கும் எடை. வேலி அடைக்கிற குத்தூசி ஓலைக்குள்ளால் போவதும், அதே கை பிடித்த உலக்கை போகாமல் நிற்பதும் இந்தக் கணக்குத்தான்.

இனி எங்கள் 12 போருக்கு இதைப் போடுவோம். உருண்டைக் குண்டுக்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு: குறுக்களவையும் அடர்த்தியையும் பெருக்கி மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் போதும். 12 போரில் முழு ஈய உருண்டை போட்டால் சதுர சென்ரிமீற்றருக்கு 14 கிராம் வரும். ஆனால் பறவைக்குப் போடுவது சிறு சன்னங்கள். 2.6 மில்லிமீற்றர் சன்னம் என்றால் சதுர சென்ரிமீற்றருக்கு வெறும் 2 கிராம்தான். கொக்கைக் கவிழ்க்கும் அந்தத் துவக்கு நாற்பது, ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஒன்றுக்கும் உதவாமல் போவது அதனால்தான். துவக்கின் வாய் 18.5 மில்லிமீற்றர் என்று பெருமைப்பட்டு என்ன பயன்?

பழைய ஆட்கள் இதற்குக் கண்ட வழி, உருண்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போவது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் யானைக்கு வைத்திருந்த துவக்குகளில் ஒன்று 21 இறாத்தல் எடை; ஒரு வெடிக்கு 16 ட்ராம், அதாவது 28 கிராம் கரும்பொடி. ஆனால் கால் இறாத்தல் எடையுள்ள ஈய உருண்டைக்கே, அந்த 4 போருக்கே, சதுர சென்ரிமீற்றருக்கு 20 கிராம்தான் வருகிறது. அதன் ஆறில் ஒரு பங்கு எடைகொண்ட வின்செஸ்ரர் சன்னம் அதை முந்திவிடுகிறது. குழலுக்குள் புரி வெட்டிச் சன்னத்தைச் சுழலவிட்ட பிறகுதான் நீளமான சன்னம் தலைகுப்புறப் புரளாமல் பறந்தது. நீளம் கிடைத்ததும் அகலத்துக்கு வேலை குறைந்தது.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஸ்கொத்லாந்துக்காரர் டபிள்யூ.டி.எம். பெல்லைச் சொல்ல வேண்டும். ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் அவர். அந்தக் கணக்கைப் பெருமையாக எழுத எனக்குக் கை வரவில்லை. அவற்றில் மிகுதியானவற்றை வீழ்த்தியது .275 ரிக்பி என்னும் ஏழு மில்லிமீற்றர் ரவை. சன்னம் 11.2 கிராம், வேகம் செக்கனுக்கு 700 மீற்றர். சக்தியைக் கணக்கிட்டால் 2,750 ஜூல் அளவில் நிற்கிறது. .405 வின்செஸ்ரரிலோ 4,360 ஜூல். ஆனால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கான எடையில் பெல்லின் மெல்லிய சன்னம் 27 கிராம், வின்செஸ்ரரைவிட மேலே. யானையின் மூளை மண்டையின் பின்பகுதியில், காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்புக்கு உள்ளே இருக்கிறது. அங்கே போய்ச் சேரவேண்டியது ஜூல் அல்ல, சன்னம். ரவைப் பெட்டியில் சக்தியைப் பெரிய எழுத்தில் போடும் நிறுவனங்கள் இதைச் சொல்வதில்லை.

சன்னத்தின் உடம்பும் இதில் சேரும். பெல் போட்டது முழுவதும் உலோக உறை மூடிய கடும் சன்னம். கோர்பெற்றும் அதே .275 ரவையைத்தான் 1926இல் உருத்திரப்பிரயாகைச் சிறுத்தைக்கும் 1930இல் சௌகட் புலிக்கும் பயன்படுத்தினார். ஆனால் புலிக்கும் சிறுத்தைக்கும் வேண்டியது நுனியில் ஈயம் திறந்திருக்கும் மென்சன்னம். பட்டவுடன் அது மலர்ந்து குறுக்களவில் இரட்டிப்பாகிவிட்டால் முகப்பு நாலு மடங்கு. எடைப்பங்கு நாலில் ஒன்று. வின்செஸ்ரரின் 22.7 அந்த நொடியிலேயே ஆறுக்குக் கீழே இறங்கிவிடும். இருநூறு கிலோ எடையுள்ள, எலும்பு மெலிந்த மிருகத்துக்கு அது நல்லது. சன்னம் மறுபக்கத்தால் வெளியேறாமல் உடம்புக்குள்ளேயே தன் வேலையை முடித்துவிடும். யானைக்கு அது உயிராபத்து, சுடுபவனுக்கு. 1909இல் ஆபிரிக்காவுக்குப் போன அமெரிக்க முன்னாள் சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் சிங்கத்துக்கு .405 வின்செஸ்ரரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார். யானைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் கையில் ஹொலண்ட் நிறுவனத்தின் கனமான இரட்டைக்குழல் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

எங்கள் வெயிலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜெப்ரியின் ரவைக்குள் இருந்தது கோடைற். 1889இல் ஏபலும் டுவாரும் கண்டுபிடித்த புகையில்லா மருந்து. முதல் கலவையில் நைத்திரோகிளிசரின் 58 பங்கு, துப்பாக்கிப் பஞ்சு 37, வசலீன் 5. குளிர்நாட்டில் சாதுவாக எரிகிற இது, பங்குனி வெயிலில் காய்ந்த ரவைக்குள் வேகமாக எரிந்து அமுக்கத்தை ஏற்றிவிடும். அமுக்கம் ஏறினால் பித்தளைக் கோது விரிந்து குழலறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மடித்துத் திறக்கும் இரட்டைக்குழலில் கோதை இழுக்கும் பலம் குறைவு. பழைய மூன்றேகால் அங்குலக் கோதின் மெல்லிய விளிம்பு இப்படி இழுபட்டுக் கிழிந்ததனாலேயே ஜெப்ரி கோதைக் குட்டையாக்கி விளிம்பைத் தடிப்பாக்கினார். 25.9 கிராமைத் தள்ள இவ்வளவு பெரிய கோது எதற்கென்று இன்று பார்ப்பவர் கேட்கலாம். கோதுக்குள் இடம் கூட இருந்தால் அமுக்கம் தாழ்ந்திருக்கும். வெப்பநாட்டுக்கென்றே விட்ட இடம் அது.

மிச்சம் தோள். சன்னம் முன்னே கொண்டுபோகும் உந்தத்தைத் துவக்கு பின்னே வாங்கியாக வேண்டும். ஜெப்ரி துவக்கு நாலரைக் கிலோ. வெடிவாயுவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் செக்கனுக்கு 3.7 மீற்றர் வேகத்தில் தோளுக்கு வருகிறது. வின்செஸ்ரர் 3.7 கிலோ, அது வருவது 3.5 மீற்றரில். சன்னம் அவ்வளவு இலேசாக இருந்தும் உதை ஏறத்தாழ அதே உதை, ஏனென்றால் துவக்கும் இலேசு. அதோடு அடிக்கட்டையில் இருப்பது றப்பர் அல்ல, இரும்புத் தகடு.

எதை எடுப்பது? யானை இருக்கும் காடென்றால் ஜெப்ரி. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. புலி மட்டும் என்றால் அண்டர்சன் பிழைவிடவில்லை. அவருடையதில் பெட்டிக்குள் நான்கு ரவை, குழலுக்குள் ஒன்று; கீழே தொங்கும் நெம்பை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அடுத்தது தயார். ஜெப்ரியில் விசை இரண்டு, குழல் இரண்டு. இரண்டாவது வெடிக்கு விரலைப் பின்விசைக்கு மாற்றினால் போதும், எந்த நெம்பும் அவ்வளவு கெதியாக வேலை செய்யாது. மூன்றாவது வெடிதான் சிக்கல். துவக்கை மடித்துத் திறந்து, சுட்ட கோதுகளை வெளியேற்றி, இரண்டு புது ரவையைப் போட்டு மூடவேண்டும். வின்செஸ்ரர்காரனிடம் அப்போதும் மூன்று ரவை இருக்கும்.