செய்தியில் செய்தவர் எங்கே?

செய்தி எழுதப் பழகும் மாணவர் முதலில் உற்றுப் பார்க்க வேண்டியவை, ‘பட்டது’, ‘பட்டன’ என்று முடியும் வினைகள். ‘மதுராந்தகம் ஏரியின் உபரிநீர் திறந்துவிடப்பட்டது’ என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, திறந்தவர்தான் இல்லை. தமிழ் வினைமுற்றின் விகுதி செய்தவரைக் காட்டிக் கொடுத்துவிடும்: திறந்தார், திறந்தனர், திறந்தோம். செயப்பாட்டுவினையிலோ அந்த விகுதி செய்தவரைக் கைவிட்டு நீரோடு சேர்ந்துகொள்கிறது. அரசுக் குறிப்புகளின் நடை பெரும்பாலும் இதுதான். அதை அப்படியே பெயர்த்தெழுதும் பழக்கம் வகுப்பறையிலேயே நிற்க வேண்டும்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. ‘மாமல்லபுரத்தில் சாலையோரக் கடைகள் அகற்றப்பட்டன’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் அகற்றினார்கள்? உள்ளாட்சி நிர்வாகமா, வருவாய்த் துறையா, தொல்லியல் துறையா? யார் உத்தரவிட்டார்? குறிப்பில் விடை இல்லையென்றால், செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியாக வேண்டும். கடைக்காரரையும் நேரில் கேட்க வேண்டும். செய்வினை வெறும் நடை அழகு அன்று, விசாரிக்க வைக்கும் கருவி. இந்தப் பயிற்சியின் முழுப் பயனும் அந்த விசாரணையில்தான் இருக்கிறது.

வரலாற்றுச் செய்திக்கும் இது பொருந்தும். ‘கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது’ என்பதைவிட, ‘பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டினான்’ என்பது வாசகருக்குக் கூடுதலாக ஒன்றைத் தருகிறது. விளையாட்டுச் செய்தியில் இந்தச் சிக்கல் குறைவு. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட்டின் பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது, இந்திய ‘பி’ அணி வெண்கலம் வென்றது. அதை ‘வெல்லப்பட்டது’ என்று எழுத யாருக்கும் கை வராது. ஒலிம்பியாட் ‘நடத்தப்பட்டது’ என்று நீட்டவும் வேண்டாம், ‘நடந்தது’ போதும்.

செய்வினை இயலும் இடத்தில் செயப்பாட்டுவினை வேண்டாம் என்பதை, ஆங்கிலத்தில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு விதியாகவே வகுத்தார். தமிழில் ‘தினத்தந்தி’ நிறுவனர் சி.பா. ஆதித்தனார், சாதாரண மக்களுக்குப் புரியும் பேச்சுத் தமிழை ஒட்டி எழுதும்படி தம் செய்தியாளர்களைப் பழக்கினார். பேச்சில் ‘பட்டது’ அரிது என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

செயப்பாட்டுவினையை முழுவதும் விலக்கவும் முடியாது. ‘கைது செய்யப்பட்டார்’ என்றால் கைது செய்தது போலீஸ் என்பது எல்லோருக்கும் தெரியும், கைதானவர்தான் செய்தி. ‘நகை திருடப்பட்டது’ என்பதில் திருடியவரைப் போலீசே இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே செய்வினை வேண்டுமென்று சந்தேகத்துக்குரிய ஒருவரின் பெயரை எழுவாயாக்கினால், அது அவதூறு வழக்கில் போய் முடியலாம்.